கானாவின் மின்வெட்டும் கட்சி அரசியலும்

மேற்கு ஆபிரிக்காவிலே கானா நாட்டு மக்களிடையே 'டும்சோர்' என்றொரு சொல் வழங்குகின்றது. அக்கான் மொழியில் 'டும்' என்பது அணைத்தல். 'சோ' என்பது ஏற்றுதல். விளக்கு அணைவதும் மீண்டும் எரிவதும் மறுபடி அணைவதுமாய்த் தொடரும் வாழ்க்கைக்கு மக்கள் தாமே சூட்டிய பெயர் இது. அமைச்சுக்களும் மின்சார நிறுவனங்களும் நாகரிகமான பெயர்கள் சிலவற்றை வழங்கிப் பார்த்தன. மக்கள் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. இந்தச் சிறு சொல்லே தேர்தல் மேடைகளில் ஏறிற்று, பாராளுமன்றத்தினுள்ளும் ஒலித்தது, ஒரு ஜனாதிபதியின் பெயரோடு ஒட்டிக்கொண்டு அவரது தோல்விக்குத் துணைபோயிற்று. பின்னர் அவரை வென்றவர்களையும் அது விட்டுவைக்கவில்லை.

1992 ஆம் ஆண்டின் அரசியல் யாப்புக்குப் பின்னர் கானாவில் இரண்டு கட்சிகளே மாறிமாறி ஆட்சி செலுத்தி வந்துள்ளன. ஒன்று, றோலிங்ஸின் இராணுவ ஆட்சியிலிருந்து பிறந்த தேசிய சனநாயகக் காங்கிரஸ். மற்றது, நிக்ருமாவின் சிறையில் 1965 இல் உயிர்நீத்த டான்குவாவின் மரபுக்கு உரிமை கொண்டாடும் புதிய தேசபக்திக் கட்சி. விளக்கு அணைந்த காலங்களிலெல்லாம் எதிர்க்கட்சியாயிருந்தது ஆளுங்கட்சியின் திறமையின்மையைச் சாடிற்று. ஆளுங்கட்சியோ வானத்தையும் முந்திய ஆட்சியையும் குற்றஞ் சாட்டிற்று. இவ்வழக்கைப் பல்லாண்டு கேட்டுப் பழகியதனால், மின்வெட்டு என்பது யார் மந்திரியாயிருக்கின்றார் என்பதைப் பொறுத்த விடயம் என்னும் எண்ணம் படித்தவரிடையேயும் வேரூன்றியுள்ளது. நாம் அவ்வாறு கருதவில்லை. கானாவின் இருளுக்கு இவ்விரு கட்சிகளிலும் வயது அதிகம். அதன் வேரைத் தேடுவோர் மந்திரிமாரின் பேச்சுக்களைச் சற்று ஒதுக்கிவிட்டு, ஒப்பந்தப் பத்திரங்களைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

கானா அன்று 'பொற்கரை' என்னும் பெயருடன் பிரித்தானியரின் குடியேற்றநாடாக இருந்தது. 1915 ஆம் ஆண்டில் அங்கு புவிச்சரிதவியல் ஆய்வுக்குப் பொறுப்பாயிருந்த ஆல்பேட் கிற்சன் என்பவர் வொல்டா ஆற்றிலே படகிற் பிரயாணஞ் செய்தார். அகொசொம்போ என்னுமிடத்தில் மலைகளுக்கிடையே ஆறு ஒடுங்கிச் செல்வதைக் கண்ட அவர், அங்கு அணை கட்டலாம் எனவும், அதிற் பிறக்கும் மின்சாரத்தைக் கொண்டு நாட்டிலே காணப்படும் பொக்சைட்டை அலுமினியமாக்கலாம் எனவும் கருதினார். இதனை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். அணையைப் பற்றிய முதற் கனவிலேயே அலுமினியத்துக்கு இடமிருந்தது. ஆற்றோரத்துக் குடிசையின் விளக்குக்கு இருக்கவில்லை.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் அவாசோ என்னுமிடத்திற் பொக்சைட்டுச் சுரங்கம் திறக்கப்பட்டது. ஆகாய விமானங்களுக்கு அலுமினியம் தேவைப்பட்ட காலம் அது. யுத்தத்தின் பின்னர் டொலர்ப் பஞ்சத்தால் வாடிய பிரித்தானியா, பவுண் நாணய வட்டாரத்துக்குள்ளேயே அலுமினியத்தைப் பெறும் வழியை நாடிற்று. 1952 இல் அதன் அரசாங்கம் வொல்டாத் திட்டம் பற்றி வெள்ளை அறிக்கை ஒன்றை வெளியிட்டது. 1953 இல் றொபேட் ஜக்சன் தலைமையில் அமைந்த ஆயத்த ஆணைக்குழு 1956 இல் விரிவான அறிக்கையைச் சமர்ப்பித்தது. ஆனால் அதற்குள் உலகச் சந்தையின் நிலை மாறியிருந்தது. செலவோ மிகுதி, நாடோ சுதந்திரம் பெறும் தறுவாயில் இருந்தது. இலண்டனின் ஆர்வம் குன்றிற்று.

குவாமே நிக்ருமாவின் நோக்கு வேறு. 1957 மார்ச் 6 ஆம் நாள் சுதந்திரம் பெற்ற கானாவின் செல்வம் முழுவதும் கொக்கோவிலே தங்கியிருந்தது. கொக்கோவின் விலையைத் தீர்மானிப்பவர்கள் அதைப் பயிரிடுவோரல்லர். ஒரு பயிரின் அடிமைத்தனத்திலிருந்து நாடு விடுபடவேண்டுமாயின் கைத்தொழில் வேண்டும்; கைத்தொழிலுக்கு மின்விசை வேண்டும். சுரங்கம், பொக்சைட்டிலிருந்து அலுமினா எடுக்கும் ஆலை, அலுமினிய உலை, உலோகத்தைப் பண்டமாக்கும் தொழிற்சாலைகள் என்று ஒரு முழுச் சங்கிலியையே அவர் மனத்திற் கொண்டிருந்தார். இக்கனவைப் பேராசை என இகழ்வோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். கொக்கோ விற்று வயிறு வளர்க்கும் நாடு எப்போதும் கொக்கோவே விற்கவேண்டுமென்பது அவர்கள் கருத்துப் போலும்.

இலண்டன் கைவிட்டதும் நிக்ருமா வாஷிங்டனை நாடினார். 1958 இல் அவர் ஐசனோவரைச் சந்தித்தார். அதன் பின்னர் அமெரிக்கக் கைசர் கொம்பனி திட்டத்தை மறுபரிசீலனை செய்தது. அணையின் செலவு குறையும் வழியை அது காட்டிற்று என்பது உண்மையே. ஆனால் செலவோடு வேறொன்றும் குறைந்தது. கானாவின் பொக்சைட்டைத் தோண்டி அலுமினாவாக்கும் பகுதி திட்டத்திலிருந்து கழன்றது. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் அலுமினாவைத் தெமாத் துறைமுகத்தில் இறக்கி, கானாவின் மின்சாரத்தால் உருக்கி, மீண்டும் கப்பலில் ஏற்றி அனுப்புவதென முடிவாயிற்று. கானா அளிப்பது ஆற்றின் விசையும் கூலியாட்களின் உழைப்பும் மாத்திரமே. சங்கிலியின் இரு முனைகளும் அந்நியர் கையிலிருந்தன. நடுவிலிருந்த ஒரு கண்ணியே கானாவின் நிலத்திற் கிடந்தது.

உலையை நடத்துவதற்கு அமைந்த 'வல்கோ' என்னும் கொம்பனியில் கைசருக்கு 90 சதவீதமும் றெனோல்ட்ஸ் கொம்பனிக்கு 10 சதவீதமும் பங்குண்டு. 1962 ஆம் ஆண்டு கைச்சாத்தான ஒப்பந்தத்தின்படி வல்கோவுக்கு வழங்கப்படும் மின்சாரத்தின் விலை அலகு ஒன்றுக்கு 2.625 மில். ஒரு மில் என்பது டொலரின் ஆயிரத்திலொரு பங்கு. எனவே ஆயிரம் அலகு மின்சாரத்தின் விலை இரண்டரை டொலரிலுஞ் சற்றே கூடியது. ஒப்பந்தத்தின் காலமோ முப்பது ஆண்டு. இவற்றோடு வரிச்சலுகைகளும் இருந்தன. கானா அரசு உலையைத் தேசியமயமாக்கினால் நட்டம் நேராதவாறு அமெரிக்க அரசின் உத்தரவாதமும் இருந்தது. அணைக்கான பணத்திலே ஏறக்குறையப் பாதியைக் கானாவே கொக்கோ வருமானத்திலிருந்து கொடுத்தது. மிகுதியை உலக வங்கியும் அமெரிக்க, பிரித்தானிய நிறுவனங்களும் கடனாகக் கொடுத்தன. கடனுக்கு வட்டியும் உண்டு. ஆகவே அணையைக் கட்டியவர் கானா மக்கள், கடனாளிகளும் அவர்களே. மின்சாரத்தின் பெரும்பங்கோ பிறந்த நாளிலேயே மற்றொருவருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டது.

நிக்ருமாவை ஏமாளி எனக் கூறிவிட்டு இந்த அத்தியாயத்தை மூடுவது எளிது. அவருக்கு முன்னிருந்த வழிகள் எத்தனை என்பதையும் நாம் கேட்கவேண்டும். உறுதியாக மின்சாரம் வாங்கும் ஒருவர் இன்றி அணைக்கு உலக வங்கி கடன் தராது. அத்துணைப் பெருந்தொகை மின்சாரத்தை வாங்கக்கூடியது அலுமினிய உலை ஒன்றே. உலை வைக்க முன்வந்தவரும் ஒருவரே. பேரம் பேசுவதற்கு இருவர் வேண்டும். இங்கே ஒருவர் விலை கூறினார், மற்றவர் ஒப்புக்கொண்டார். அணை நின்றுவிட்டால் ஏனையவை பின்னால் வரும் என நிக்ருமா எண்ணினார். அதே சமயம் இதையும் மறைத்தல் தகாது: தடுப்புக்காவற் சட்டமும், 1964 இல் நிறுவப்பட்ட ஒருகட்சி ஆட்சியும் நிலவிய நாட்டில் இத்தகைய ஒப்பந்தத்தைப் பகிரங்கமாக ஆராய்ந்து கண்டிக்கும் வாய்ப்பு எவர்க்கும் இருக்கவில்லை. ஏகாதிபத்தியத்தோடு பேரம் பேசும் தலைவனுக்குத் தன் நாட்டு மக்களின் வாய் திறந்திருப்பது பலமேயன்றிப் பலவீனமன்று.

அணையின் பின்னால் வொல்டா ஏரி விரிந்தது. அதன் பரப்பு ஏறத்தாழ 8,500 சதுர கிலோமீற்றர். எழுநூற்றுக்கு மேற்பட்ட கிராமங்கள் நீரில் மூழ்கின. சுமார் 80,000 மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களுக்கென 52 குடியேற்ற ஊர்கள் அமைக்கப்பட்டன. தம் வயல்களையும் முன்னோரின் கல்லறைகளையும் ஏரிக்குக் கொடுத்த இம்மக்களின் புதிய ஊர்களிற் பல நெடுங்காலம் மின்சாரமின்றியே கிடந்தன. உயர்மின் கம்பிகள் அவர்களின் தலைக்கு மேலாகச் சென்றன.

1966 சனவரியில் நிக்ருமா அணையைத் திறந்துவைத்தார். சுதந்திர நாடுகளின் பொருளாதாரத்தை அந்நிய மூலதனம் எவ்வாறு ஆட்டிவைக்கின்றது என்பதை விளக்கும் நவகாலனித்துவம் பற்றிய அவரது நூல் வெளியாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன; அமெரிக்க அரசு அந்நூலுக்காகச் சீறி விழுந்திருந்தது. நூலில் அவர் தீட்டிய கொள்கைக்குத் தகுந்த உதாரணம் அவர் திறந்துவைத்த அணையிலேயே இருந்தது. அடுத்த மாதம் 24 ஆம் நாள், அவர் வியட்நாம் பிரச்சினை தொடர்பாகக் கீழ்த்திசை சென்றிருந்தபோது, இராணுவமும் பொலிசும் ஆட்சியைக் கைப்பற்றின. 1967 இல் உலை இயங்கத் தொடங்கிற்று.

அதன் பின்னான பதினைந்து ஆண்டுகளில் கானாவிலே சதிகளும் தேர்தல்களும் பல நடந்தன. புசியா வந்தார், போனார். அச்சியம்பொங் வந்தார், போனார். 1973 இன் பின்னர் எண்ணெய் விலை ஏறி உலகெங்கும் மின்சாரத்தின் மதிப்புப் பன்மடங்காகியது. வல்கோ கொடுத்த விலையோ பெயரளவிலேயே உயர்ந்தது. உற்பத்தியிற் பாதிக்கும் மேற்பட்ட பங்கை உலை உண்டது. இந்தக் காலத்தில் மின்வெட்டு பெரிய அரசியற் பிரச்சினையாக இருக்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். காரணம் எளிது: நாட்டு மக்களிற் பெரும்பான்மையோருக்கு வெட்டுவதற்கு மின்சாரமே இருக்கவில்லை.

1983 இல் இயற்கை தன் கணக்கைக் கேட்டது. மழை பொய்த்தது, காட்டுத்தீ பயிர்களை அழித்தது, அதே ஆண்டின் தொடக்கத்தில் நைஜீரியா பத்து இலட்சத்திற்கும் அதிகமான கானா மக்களை வெளியேற்றிற்று. பசியால் மெலிந்தோரின் காறையெலும்பு வெளித்தெரிவதை 'றோலிங்ஸின் சங்கிலி' எனக் கானா மக்கள் கசப்புடன் அழைத்தனர். ஏரியின் நீர்மட்டம் மின்பிறப்பாக்கிகள் இயங்குவதற்குரிய ஆகக்குறைந்த அளவான 240 அடிக்குக் கீழே இறங்கிற்று. வல்கோவின் உலைகளை மூடவேண்டியதாயிற்று. அணை ஒன்றையே நம்பிய நாடு முதன்முறையாகப் பேரிருளைக் கண்டது.

ஆயினும் இந்த இருளிலேதான் கானாவின் மின்சார வரலாற்றில் மெச்சத்தக்க செயலொன்று நடந்தது. 1981 டிசெம்பர் 31 இல் ஆட்சியைக் கைப்பற்றிய றோலிங்ஸின் அரசு வல்கோ ஒப்பந்தத்தைத் திருத்தவேண்டுமெனப் பிடிவாதமாய் நின்றது. உலை மூடிக் கிடந்தமையால் மின்சாரத்துக்கு அலைந்தவர்கள் இப்போது முதலாளிகளே. 1985 இல் ஏற்பட்ட புதிய உடன்படிக்கையின்படி அலகின் விலை 17 மில்லாக உயர்ந்தது. முதல் விலையின் ஆறு மடங்குக்கும் மேல்! மாற்ற முடியாதது எனச் சொல்லப்பட்ட பத்திரம் மாற்றக்கூடியதே என்பதை இது நிரூபித்தது. ஆனால் வரலாறு ஒரே நிறத்தில் எழுதப்படுவதில்லை. வல்கோவை எதிர்த்து நின்ற அதே அரசு 1983 முதற்கொண்டு சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளை ஏற்று நடந்தது. ஆதரித்த மாணவரும் தொழிலாளரும் சிறிது சிறிதாய் அதைவிட்டு விலகினர்.

1989 இல் தேசிய மின்மயத் திட்டம் தொடங்கியது. நாடெங்கும் மின்கம்பி செல்லலாயிற்று. இன்று கானாவிற் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் மின்சார வசதி உண்டு. ஆபிரிக்காவிலே இது சாதாரண சாதனையன்று. பல கட்சித் தேர்தல் வந்தபின் மின்கம்பம் வாக்குச் சீட்டுக்கு விலையாகவும் மாறிற்று. தேர்தல் நெருங்கும்போது கிராமத்து ஓரங்களிற் கம்பங்கள் வந்திறங்கும். தேர்தல் முடிந்ததும் அவை நட்டபாதியாய், கம்பியில்லாது நிற்கும். கம்பத்தை நடுவதற்கு ஆளுங்கட்சி காட்டிய ஆர்வம், கம்பியில் ஓடவேண்டிய மின்சாரத்தை உண்டாக்குவதில் இருக்கவில்லை. புதிய மின்னிலையம் எழுப்ப ஐந்தாறு ஆண்டுகள் செல்லும். ஆட்சிக்காலமோ நான்கு ஆண்டுகள். தான் இட்ட விதையின் பழத்தை எதிரி உண்ணக்கூடும் என அஞ்சுபவன் மரம் நடுவானா?

1998 இல் மறுபடியும் ஏரி வற்றிற்று. மறுபடியும் பங்கீட்டு முறையில் மின்சாரம் வழங்கப்பட்டது. இம்முறை ஒரு பெரிய மாற்றம் நேர்ந்தது. நீரை மட்டும் நம்பியிருத்தல் தகாதெனத் தக்கொறாடிக்கு அருகே அபோவாட்சேயில் எரிபொருள் மின்னிலையம் எழுந்தது. தேவையான மாற்றமே. ஆனால் அதன் பொருளாதார விளைவை அப்போது சிந்தித்தவர் சிலரே. வொல்டாவின் நீருக்கு விலையில்லை. எண்ணெய்க்கும் வாயுவுக்கும் விலையுண்டு, அதையும் டொலரிற் கொடுக்கவேண்டும். நுகர்வோரிடம் அறவிடும் பணமோ சீடி நாணயத்தில் வருகின்றது. சீடியின் மதிப்பு விழுந்தபோதெல்லாம் மின்சார நிறுவனங்களின் கடன் தானாகவே ஏறிற்று. இவற்றோடு, விநியோகிக்கப்படும் மின்சாரத்தில் ஐந்திலொரு பங்குக்கு மேல் கம்பியிலும் களவிலும் அறவிடாத பட்டியலிலும் கரைந்தது. பட்டியலைச் செலுத்தாதோர் வரிசையில் அரச திணைக்களங்களே முன்னணியில் நின்றன. நிருவாகச் சீர்கேடு இல்லையென நாம் சாதிக்கவில்லை. அச்சீர்கேடு எந்த மண்ணில் வேர்கொண்டது என்பதையே காட்ட முயல்கின்றோம்.

2006 இன் பிற்பகுதியில் மறுபடி ஏரி தாழ்ந்தது. இம்முறை ஆட்சியிலிருந்தவர் புதிய தேசபக்திக் கட்சியின் குஃபூர். 2007 மார்ச்சில் சுதந்திரத்தின் பொன்விழாவைக் கானா கொண்டாடிற்று. அவ்வாண்டில் மக்கள் விளக்கின்றி இரவுகளைக் கழித்தனர். வல்கோ உலையும் மீண்டும் மூடப்பட்டது. கைசர் கொம்பனி முறிவடைந்தபின் அதன் பங்குகளைக் கானா அரசு 2004 இல் வாங்கியிருந்தது. நாற்பது ஆண்டு மலிந்த மின்சாரத்தைச் சுவைத்தவர்கள் சென்றுவிட்டனர்; மலிந்த மின்சாரம் தீர்ந்தபின் உலை தேசத்தின் சொத்தாயிற்று.

2007 இல் கடலுக்கடியில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. 2010 இன் இறுதியில் அது வெளிவரத் தொடங்கியது. 2013 இல் கரும் வொல்டாவின் மேல் சீனக் கடனாற் கட்டப்பட்ட 400 மெகாவாற்று பூயி அணை இயங்கியது. இருளின் காலம் முடிந்ததெனப் பலர் நம்பினர். நடந்ததோ வேறு. நைஜீரியாவிலிருந்து பெனின், தோகோ கரைகளையொட்டிக் கடலடியில் வரும் குழாய் மூலம் கானா வாயு பெற்றுவந்தது. 2012 ஓகஸ்ட்டில், கடற்கொள்ளையர் ஏறிய ஒரு கப்பலின் நங்கூரம் தோகோவுக்கு அப்பால் அக்குழாயைச் சேதப்படுத்தியது. பல மாதங்கள் வாயு வரவில்லை. குழாய் திருத்தப்பட்ட பின்பும் ஒப்புக்கொண்ட அளவில் வரவில்லை; நைஜீரியாவிலேயே தட்டுப்பாடு நிலவிற்று, கானா செலுத்தவேண்டிய கடனும் குவிந்திருந்தது.

அவ்வாண்டு யூலையில் ஜனாதிபதி மில்ஸ் காலமானதையடுத்துப் பதவியேற்றவர் தேசிய சனநாயகக் காங்கிரஸின் ஜோன் மகாமா. மூன்றாண்டு நீடித்த 'டும்சோர்' அவர் தலையில் விடிந்தது. 2014 உலக உதைபந்தாட்டப் போட்டியிலே கானா அமெரிக்காவுடன் மோதிய இரவில், மக்கள் தொலைக்காட்சியில் ஆட்டத்தைப் பார்ப்பதற்காக அயல்நாடான ஐவரி கோஸ்ட்டிலிருந்து 50 மெகாவாற்று மின்சாரம் வாங்கப்பட்டது. வல்கோவின் உற்பத்தியும் குறைக்கப்பட்டது. ஒரு மாலைப் பொழுதுக்கு உலையினும் மக்களுக்கு முன்னுரிமை கிடைத்தது! 2015 இன் தொடக்கத்தில் நிலைமை முற்றிற்று. இருபத்துநான்கு மணிநேரம் இருள், பன்னிரண்டு மணிநேரம் ஒளி என்பதே அட்டவணையாயிற்று. தலைமயிர் அலங்கரிக்கும் பெண், தையற்காரன், குளிரூட்டிய மீன் விற்பவள், சிறு அச்சகக்காரன் ஆகியோரே முதலில் வீழ்ந்தனர். பணமுள்ளோரின் வீட்டு முற்றங்களில் டீசல் இயந்திரங்கள் உறுமின. இருளும் எல்லோர்க்கும் சமமாக வந்ததென எண்ணவேண்டாம்.

2015 மே மாதத்தில் நடிகை இவோன் நெல்சன் முதலிய கலைஞர்கள் அழைக்க, அக்ராவிலே மக்கள் விளக்கேந்தி ஊர்வலஞ் சென்றனர். மின்விசை மந்திரி குவபெனா டொங்கோர் ஆண்டு முடிவுக்குள் மின்வெட்டு நீங்காவிடின் பதவி துறப்பதாக உறுதியளித்திருந்தார். டிசெம்பர் 31 இல் துறந்தார். இந்த அவசரத்தினிடையே கைச்சாத்தான பத்திரங்களே நம் கவனத்துக்குரியவை. துபாயைத் தளமாகக் கொண்ட 'அமெரி' கொம்பனியிடம் 250 மெகாவாற்று அளவினதான பத்து இயந்திரங்கள் 51 கோடி டொலருக்கு ஒப்பந்தஞ் செய்யப்பட்டன. அவ்வியந்திரங்களின் விலை 22 கோடியே என நோர்வேப் பத்திரிகையொன்று 2015 டிசெம்பரில் எழுதிற்று. துருக்கியிலிருந்து மின்னிலையமே கப்பலாக மிதந்து வந்து தெமாவில் நின்றது. தனியார் கொம்பனிகள் பலவற்றோடு நீண்டகால ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. அவற்றிற் பலவற்றின் சாரம் இதுதான்: மின்சாரத்தை நீ எடுத்தாலும் எடுக்காவிடினும் பணத்தை நீ கொடுத்தேயாகவேண்டும். தாகத்தால் தவித்தவன் ஒரு குடம் நீருக்கு ஒரு கிணற்றின் விலையை முப்பது வருடத் தவணையில் எழுதிக் கொடுத்தாற் போன்றது இது. தேர்தலுக்கு ஓராண்டே இருந்ததென்பதையும் நினைவிற் கொள்க.

2016 இல் விளக்குகள் பெரும்பாலும் எரிந்தன. ஆனால் முந்திய டிசெம்பரில் மின்கட்டணம் 59.2 சதவீதத்தால் உயர்ந்திருந்தது. எரிசக்தித் துறையின் கடனைத் தீர்ப்பதற்கெனப் புதிய வரிகளும் விதிக்கப்பட்டிருந்தன. சர்வதேச நாணய நிதியம் மீண்டும் வந்திருந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் மகாமா தோற்றார். 1992 யாப்பின் கீழ் பதவியிலிருந்து கொண்டே தோற்ற முதல் ஜனாதிபதி அவரே. இருளுக்காக மட்டுமன்றி, ஒளியின் விலைக்காகவும் மக்கள் வாக்களித்தனர் என்றே நாம் கருதுகின்றோம்.

புதிய தேசபக்திக் கட்சியின் அக்குஃபோ அடோ ஆட்சிக்கு வந்தார். எதிர்க்கட்சியாயிருந்தபோது அக்கட்சி கண்டித்த ஒப்பந்தங்கள் இப்போது அதன் மேசையிற் கிடந்தன. சிலவற்றைத் திருத்திற்று, சிலவற்றை ஒத்திவைத்தது. பெரும்பாலானவற்றோடு வாழப் பழகிற்று. 2018 இல் கட்டணத்தைக் குறைத்துக் கைதட்டல் பெற்றது. கடனடைக்க விதிக்கப்பட்ட வரியின் வருங்கால வருமானத்தை ஈடுவைத்துக் கடன்பத்திரங்களையும் வெளியிட்டது. 2019 இல் நிதி மந்திரி பாராளுமன்றத்திற் கூறிய கணக்கு விசித்திரமானது: நாட்டின் மின்னுற்பத்தி வலு 5,083 மெகாவாற்று, உச்சத் தேவை ஏறத்தாழ 2,700 மெகாவாற்று. பயன்படுத்தாத மின்வலுவுக்காக ஆண்டொன்றுக்கு 50 கோடி டொலருக்கு மேல் செலுத்தப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்கு முன் மின்சாரமின்றி அலறிய நாடு, இப்போது மின்சாரம் மிகுந்தமையால் முறியும் நிலையை அடைந்தது. வல்கோ ஒப்பந்தத்திலே கானா மின்சாரத்தைக் கொடுத்துப் பணத்தைப் பெறாது நின்றது. புதிய ஒப்பந்தங்களிலே பணத்தைக் கொடுத்து மின்சாரத்தைப் பெறாது நிற்கின்றது. இரு பத்திரங்களையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்துப் பார்ப்போர்க்கு நம் கருத்து விளங்கும்.

மின்விநியோகத்தைத் தனியாரிடம் ஒப்படைக்கும் முயற்சியும் இக்கட்சி வேற்றுமையின் ஆழத்தைக் காட்டும். அமெரிக்க அரசின் உதவி நிறுவனமொன்றோடு 2014 இல் இதற்கான உடன்படிக்கையில் இறங்கியது மகாமாவின் அரசு. 2019 மார்ச்சில் விநியோகத்தைத் தனியார் கூட்டொன்றிடம் கையளித்தது அக்குஃபோ அடோவின் அரசு. அக்கூட்டுச் சமர்ப்பித்த நிதி உத்தரவாதங்கள் செல்லுபடியாகாதவை எனத் தெரியவந்ததும் அவ்வாண்டு ஒக்டோபரில் எல்லாம் இரத்தாயிற்று. அமெரிக்கா 19 கோடி டொலரைத் திருப்பிக்கொண்டது. மேடையில் கீரியும் பாம்புமாயிருப்போர் இவ்விடயத்தில் ஒருவர் தொடங்கியதை மற்றவர் முடிக்கும் உடன்பிறப்புக்களாயினர்.

2022 டிசெம்பரில் கானா வெளிநாட்டுக் கடன்களிற் பெரும்பகுதியைச் செலுத்துவதை நிறுத்திற்று. 2024 இல் 'டும்சோர்' மறுபடி வந்தது. அரசு அச்சொல்லை ஏற்க மறுத்தது. அட்டவணை கேட்டோரைப் பார்த்து, விரும்பினால் நீங்களே தயாரித்துக்கொள்ளுங்கள் என்று மந்திரி சொன்னார். அவ்வாண்டு பெப்ரவரி 29 இல், ஜனாதிபதியின் உரை மீது விவாதம் நடந்துகொண்டிருந்தபோது பாராளுமன்றத்தில் விளக்குகள் அணைந்தன. 2 கோடி 30 இலட்சம் சீடி நிலுவைக்காக மின்விநியோக நிறுவனமே இணைப்பைத் துண்டித்திருந்தது. உறுப்பினர்கள் இருளில் 'டும்சோர், டும்சோர்' எனக் கோஷமிட்டனர். கோஷமிட்டோரின் கட்சி ஆட்சியிலிருந்த காலத்திலே எதிர்த்தரப்பினர் தெருவில் எழுப்பிய அதே கோஷம் அது.

அவ்வாண்டு டிசெம்பரில் மகாமா மீண்டும் வென்றார். விலைவாசியும் வேலையின்மையுமே அவ்வெற்றிக்குப் பெருங்காரணம். இருளும் தன் பங்கைச் செலுத்தியது. 2025 யூனில் அவரது அரசு எரிபொருளில் லீற்றருக்கு ஒரு சீடி வீதம் புதிய வரியை நிறைவேற்றிற்று. மின்னிலையங்களுக்கு எரிபொருள் வாங்கவும் கொம்பனிகளின் நிலுவையைத் தீர்க்கவும் அது வேண்டப்பட்டது. எதிர்க்கட்சியாகிவிட்ட புதிய தேசபக்திக் கட்சி அதை எதிர்த்தது. மக்கள் அதற்கு 'டும்சோர் வரி' எனப் பெயரிட்டனர். வாடகை வண்டிச் சாரதி தன் வண்டிக்கு ஊற்றும் ஒவ்வொரு லீற்றரிலும், தான் ஒருபோதும் காணாத பத்திரங்களின் கடனை அடைக்கின்றான்.

தெமாவிலுள்ள உலை அதன் வலுவில் ஒரு பகுதியிலேயே இயங்குகின்றது. அலுமினா ஆலை பற்றிய அறிவிப்புக்கள் ஒவ்வோர் ஆட்சியிலும் வெளிவந்துள்ளன. அவாசோவில் தோண்டப்படும் பொக்சைட்டோ இன்னும் தாதுவாகவே தக்கொறாடித் துறைமுகத்திற் கப்பலேறுகின்றது.